கடைப் பக்கத்தில் இன்றைக்கு எதைப் போடுவது?

மாமாவின் மளிகைக் கடை லெபோ பாசாரில் இருக்கிறது. பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு வந்தவர்கள் மிளகாய் வறுக்கும் நெடியில் ஒரு தும்மலாவது போட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் போயிருப்பார்கள். கடையின் முகநூல் பக்கமும் இன்ஸ்டாகிராமும் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, மாதம் ஒரு பொட்டலம் கறித்தூள். முதல் ஆறு மாதம் நான் போட்டதெல்லாம் காலை வணக்கம் ரோஜாப்பூ, விலைப்பட்டியல், வெள்ளிக்கிழமை சாமி படம், திரும்பவும் விலைப்பட்டியல். லைக் போட்டது அம்மாவும் ஈப்போவில் இருக்கிற சித்தியும். சித்தி எதைப் பார்த்தாலும் லைக் போடுவார், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சரி, பயனுள்ளதாக ஏதாவது தேடிப் பகிரலாம் என்று கூகுளில் 'மசாலாவின் நன்மைகள்' என்று தட்டினால் எல்லாத் தளத்திலும் அதே மஞ்சள் பால், அதே பத்து நன்மைகள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது என்று வாசித்த உடனே தெரிந்துவிடும். அதை நானும் எடுத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது?

வழி கிடைத்தது கல்லாப் பக்கத்தில். ஒரு மலாய் அக்கா சோம்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஜிந்தான் பூத்தேதானே?" என்று கேட்டார். ஜிந்தான் பூத்தே என்றால் சீரகம், சோம்புக்கு ஜிந்தான் மானிஸ். அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் அதே குழப்பத்தோடு வந்தார்கள், அதில் ஒருவர் நம்மாள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பையன், அம்மா போனில் சீரகம் என்கிறார், அவன் கை சோம்புக்குப் போகிறது. அன்றைக்கே ஒரு வெள்ளி எண்பது காசுக்குப் பள்ளி நோட்டு ஒன்று வாங்கிக் கல்லாவுக்குக் கீழே வைத்தேன். யார் என்ன கேட்டாலும் ஒரு வரி, எத்தனை பேர் கேட்டார்கள் என்று பக்கத்தில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் அதைப் பற்றித் தேட ஆரம்பிப்பேன்.

இப்படித் தேடும்போது கூகுள் முதலில் காட்டுவதை விட்டுவிட்டு, அந்த விஷயம் எங்கே பிறந்ததோ அங்கேயே போய்விடுவது வழக்கமாகிவிட்டது. மலாய்ப் பெயர் என்றால், மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதி. தீபாவளி நேரத்து உச்சவரம்பு விலை என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சின் சொந்தப் பக்கம். அவர்கள் போடும் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் 'ஷேர்' பொத்தானையே அழுத்துவேன், அப்படிச் செய்தால் படிக்கிறவர் ஒரு தட்டில் அமைச்சின் பக்கத்துக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட் நாலு கை மாறினால் போன வருடத்து விலையா இந்த வருடத்து விலையா என்றுகூடத் தெரியாது.

சீரகம் சோம்புக்கு அப்புறம் போட்டது நாலு சாமான். மாமாவின் பித்தளைத் தட்டில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, நாலையும் தனித்தனியாக வைத்துப் படம் எடுத்து, தமிழ்ப் பெயரும் மலாய்ப் பெயரும் எழுதினேன். மலாய்க்காரர்கள் இந்த நாலையும் சேர்த்து 'ரெம்பா அம்பாட் பெராடிக்' என்பார்கள், நாலு உடன்பிறப்பு. அந்தப் பதிவைப் போனில் காட்டி "இதில் மூன்றாவது கொடுங்கள்" என்று இன்றைக்கும் ஆள் வருகிறது.

நோட்டில் அதிகக் கோடு விழுந்தது வெங்காயத்துக்குத்தான். 2023 டிசம்பர் 8 முதல் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, மார்ச் வரைக்கும் என்று முதலில் சொல்லி, பிறகு நீட்டித்து, 2024 மே 4-ஆம் தேதிதான் திறந்துவிட்டார்கள். இங்கே விலை ஏறியதும் எல்லாரும் மாமாவைத்தான் முறைத்தார்கள், பதுக்கி வைத்திருக்கிறார் என்கிற மாதிரி. எனக்கு விஷயம் சீக்கிரமே தெரிந்ததற்குக் காரணம் கூகுள் அலர்ட்ஸ். வெங்காயம், துவரம்பருப்பு, ஏற்றுமதி என்று சில சொற்களை இங்கிலீஷிலும் தமிழிலும் கொடுத்து வைத்திருந்தேன், செய்தி வந்தால் மின்னஞ்சலில் வந்து விழும், காசு கிடையாது. இந்திய அரசின் அறிவிப்பு இணைப்பை மட்டும் போட்டால் ஒரு ஜீவன் படிக்காது, அதனால் மேலே மூன்று வரி: என்ன தடை, எதுவரைக்கும், எங்கள் கடையில் இப்போது எந்த ஊர் வெங்காயம் இருக்கிறது. தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. மாமாவைப் பார்த்து முறைப்பது கொஞ்சம் குறைந்தது. அந்த மூன்றாவது வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன், மற்ற இரண்டும் எந்தச் செய்தித் தளத்திலும் கிடைக்கும்.

மஞ்சள்தூள் கதை வேறு மாதிரி. கலப்பட மஞ்சளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு காணொளி வாட்சாப்பில் சுற்றியது, மேலே இரட்டை அம்புக்குறி, அதாவது பல கை தாண்டி வந்தது. அந்த அம்புக்குறியைப் பார்த்தாலே நான் கையைக் கட்டிக்கொள்வேன், முதலில் 2017-இல் நம் மலேசியத் தொடர்பு ஆணையம் பொய்ச் செய்திகளைச் சரிபார்க்கத் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் ஒரு பார்வை. அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'டார்ட்' கையேட்டில் கிடைத்தது, வீட்டிலேயே செய்யக்கூடிய கலப்படச் சோதனைகளைத் தொகுத்திருக்கிறார்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போடு. நல்ல மஞ்சள் அடியில் படியும்போது தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும், சாயம் கலந்ததென்றால் தண்ணீரே அடர்மஞ்சளாகிவிடும். கல்லா மேலேயே கிளாஸை வைத்துச் செய்து பார்த்து, அதையே படம் பிடித்துப் போட்டேன். மாமா பக்கத்தில் நின்று பரீட்சை முடிவு பார்க்கிற அப்பா மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நம் மஞ்சள் பாஸ்.

நான் பண்ணிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் கூட்டம் ஏறுகிற படம் ஒன்று, அருமையான படம், யாரோ ஒருவருடைய பக்கத்திலிருந்து எடுத்து, மூலையில் இருந்த அவர் பெயரை வெட்டிவிட்டுக் கடை வாழ்த்தைப் போட்டுவிட்டேன். படம் எடுத்தவர் அன்று இரவே செய்தி அனுப்பினார், திட்டவில்லை, "தங்கச்சி, காலை நாலு மணிக்கு நின்று எடுத்தது" என்று மட்டும் எழுதியிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-லிருந்து இருக்கிறது, பெயர் போட்டுவிட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் கிடையாது, கேட்கத்தான் வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள், அவரே அடுத்த வருடம் கொடுத்தார்.

சேமித்து வைக்கிற இடத்தை மட்டும் நம்ப முடியவில்லை. இணையக் கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்து வைக்கும் பாக்கெட் செயலியில் இருநூறு கட்டுரைக்கு மேல் சேர்த்திருந்தேன், 2025 ஜூலையில் மொஸில்லா அதை மூடிவிட்டது. இப்போது நான் மட்டும் இருக்கிற ஒரு வாட்சாப் குழுவில் இணைப்புகளைப் போட்டு வைக்கிறேன். தமிழாசிரியையான என் தோழி புலனம் என்று சொல்லச் சொல்கிறாள், சொல்லிப் பார்க்கிறேன், வாய் வாட்சாப்புக்கே போகிறது.

மாமாவும் இப்போது தேட ஆரம்பித்துவிட்டார். காலையில் பசியாறும்போது தமிழ்ப் பேப்பரில் எதையாவது பார்த்தால் படம் எடுத்து "இதைப் போடும்மா" என்று அனுப்புவார். பேப்பர் படத்தை அப்படியே போடக் கூடாது மாமா என்று சொல்லி, அதே செய்தி பத்திரிகையின் தளத்தில் இருக்கிறதா என்று தேடி அந்த இணைப்பைப் பகிர்கிறேன். தலைப்பைப் படிப்பதுதான் பாடு, எல்லாப் படத்திலும் முக்கால்வாசித் தலைப்பை அவருடைய கட்டைவிரல் மறைத்திருக்கும், நகத்தில் மஞ்சளோடு.