கிழங்குக் காலம்: ஒரு பொறுப்பாளரின் நாட்குறிப்பு

2024 ஜனவரி 8, திங்கள்

யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க் கொட்டிலில் இன்றுதான் ஆறு பேரும் ஒன்றாக இருந்தோம். போன வருடம் புழுக்கொடியல் (பனங்கிழங்கை அவித்துக் கிழித்துக் காயவைப்பது) போட்ட மூன்று பேர், புதிதாக வந்த இரண்டு பேர், நான். பொறுப்பாளர் என்று என்னைப் போட்டிருக்கிறார்கள். கிழங்கு கிழிப்பதில் எல்லோரையும் விட மெதுவான ஆள் நான்தான்.

"நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை, நாங்கள் செய்வம்" என்றார் நீர்வேலி அம்மா. அந்த நேரம் பார்த்து என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. தேத்தண்ணி குடித்த கோப்பைகளை ஒருவருடையதை மற்றவர் பறித்துப் பறித்துக் கழுவினார்கள். கலியாண வீட்டு முதல் பந்தியில் சம்பந்திமார் இருக்கிற மாதிரி ஒரு மரியாதை. எனக்கு அது பயமாக இருந்தது.

ஜனவரி 10, புதன்

பயிற்சிக்குப் போனபோது தந்த தாளை எடுத்துப் படித்தேன். புரூஸ் டக்மன் என்ற அமெரிக்கர் 1965இல் எழுதியதாம். ஒரு குழு முதலில் கூடும், பிறகு முட்டிக்கொள்ளும், பிறகு தனக்கென ஒரு நடைமுறை போட்டுக்கொள்ளும், அதன் பிறகுதான் வேலை ஓடும். போமிங், ஸ்டோமிங், நோமிங், பெர்ஃபோமிங். சத்தமாகச் சொல்லிக் காட்டினேன். "நாலும் ஒண்டு மாதிரித்தானே கேட்குது" என்றார் நீர்வேலி அம்மா.

அவர் ஐம்பது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத்தான் இந்த ஒழுங்கைக் கண்டிருக்கிறார். அவற்றில் பெரும் பங்கு உளச்சிகிச்சைக்காகக் கூடிய குழுக்களைப் பற்றியவை. கிழங்கு அவிக்கிற ஆட்களைப் பற்றி ஒன்றும் இருந்திருக்காது. சரி, பார்ப்போம்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் முடிந்து வந்ததும் சண்டைக்கு நானே நெருப்பு வைத்தேன். யார் எத்தனை கிலோ கிழித்தது என்று கரும்பலகையில் எழுதினேன். உற்சாகம் வரும் என்று நினைப்பு. நீர்வேலி அம்மாவின் கணக்குத்தான் ஆகக் குறைவு.

அவர் கிழிப்பதை அதற்குப் பிறகுதான் கிட்டே இருந்து பார்த்தேன். தலையையும் நுனியையும் வெட்டி, கத்தி முனையை ஒரு நெல்லளவு இறக்கி, இரண்டு பெருவிரலாலும் பிளக்கிறார். நடுவில் உள்ள பீலியை, அதாவது உள்முளையை, தனியே எடுக்கிறார். பிறகு பாதியைத் தடவிப் பார்த்து, தடித்த நாரை இழுத்து எறிகிறார். மற்றவர்கள் நாரை அப்படியே விட்டுவிட்டுத்தான் கிலோ காட்டியிருக்கிறார்கள்.

"நாரைச் சேர்த்து நிறுக்கிறதெண்டால் நானும் நிறுப்பன்." அவ்வளவுதான் சொன்னார். புதிதாக வந்த தம்பி, "அம்மா, கணக்கு இல்லாமல் எப்பிடிச் சம்பளம் போடுறது?" என்றான். அதோடு போன வருட ஆட்கள் ஒரு பக்கம், புது ஆட்கள் மறுபக்கம்.

ஜனவரி 18

பலகையை அழித்தேன். யாரும் கதைக்கவில்லை. அவரவர் கோப்பையை அவரவர் கழுவினார்கள்.

ஜனவரி 29, திங்கள்

கொழும்புக் கடையொன்றிலிருந்து நாற்பது பக்கற் திரும்பி வந்தது. பூஞ்சணம். ஓடர் பிந்துகிறதென்று கெதிப்படுத்தி, நல்லாய்க் காய முதலே கட்டச் சொன்னது நான். அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடிக்கவும் கொட்டில் அதிர்ந்தது. பத்து நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது: யார் பிந்தி வருவது, யார் வெயில் படாத மூலையில் பாய் விரிப்பது, போன வருடம் யாருக்கு யார் கடன் கொடுத்தது வரைக்கும். நான் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணவில்லை. அது புத்தி என்று சொல்லமாட்டேன், வாய் வரவில்லை.

பின்னேரம் களைத்துப்போய்த்தான் வேலையைப் பற்றிக் கதைத்தோம். முறித்தால் "டக்" என்று கேட்கவேண்டும் என்றார் நீர்வேலி அம்மா. ஒரே தட்டை அடுத்தடுத்த இரண்டு நாள் நிறுத்து, நிறை மாறாவிட்டால்தான் காய்ந்தது என்றான் தம்பி. இரண்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. தம்பி நிறுக்க, அம்மா முறிக்க, இரண்டு பேரும் ஓம் என்றால்தான் பக்கற். என் ஓம் தேவையில்லை. கொஞ்சம் சுட்டது, ஆனால் நல்ல ஏற்பாடு.

பெப்ரவரி 9, வெள்ளி

வங்கிக்குப் போய் மாட்டுப்பட்டேன். இடையில் மழை. தெப்பலாக ஓடி வந்தால் பாய் எல்லாம் உள்ளே, தட்டுகளில் திகதித் துண்டுகூட மாறவில்லை. "எங்க போட்டு வாறியள், நனைஞ்சு?" என்று சிரித்தார்கள். கோப்பைகள் ஒரே சட்டியில் கிடந்தன. கை சும்மா இருந்தவர் கழுவிக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 20

பழைய ஆள் ஒருவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கிளிநொச்சி போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஒரு தங்கச்சி வந்திருக்கிறாள். கோப்பையைப் பறித்துக் கழுவுகிறாள். மற்றவர்களும் திடீரென்று "வாங்கோ, இருங்கோ" என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். தாளில் அம்புக்குறி ஒரு பக்கமாக மட்டும் போகிறது. எங்கள் கொட்டிலில் அது இன்று பின்னுக்குத் திரும்பியது. இந்த முறை முறிக்கிற சத்தத்தை அவளுக்குக் கேட்கப் பழக்கினது தம்பி.

மார்ச் 15, வெள்ளி

கிழங்கு வரத்து நின்றுவிட்டது. கடைசிச் சம்பளம் கொடுத்தேன். 1977இல் டக்மன், மேரி ஆன் ஜென்சன் என்பவரோடு சேர்ந்து ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறார்: கலைதல். பயிற்சித் தாளில் அது இல்லை. எனக்கு அதற்குத்தான் ஆயத்தம் போதாது.

நீர்வேலி அம்மா கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்துச் சுற்றினார். "இஞ்சையே வையுங்கோ அம்மா, வாற வருசம் எப்பிடியும் வருவியள்தானே" என்றேன்.

"வருவன். கத்தியை விட்டால் நீங்கள் துருப்பிடிக்க விட்டிடுவியள்" என்று சொல்லிவிட்டுப் பருத்தித்துறை பஸ்ஸுக்குக் கைகாட்டினார்.