சுளகில் எடுக்கும் ஓவியம்

கை திருந்தினால்தான் ஓவியம் வரும் என்ற சட்டத்தை ஜெர்மன் ஓவியர் மக்ஸ் ஏர்ன்ஸ்ட் 1925இல் ஒரு பென்சிலால் உடைத்தார். பலகைத் தரையில் கடதாசியை வைத்துத் தேய்த்தார். மரத்தின் ரேகையிலிருந்து காடும் பறவையும் எழுந்தன. ஃபுரொத்தாஜ் என்கிற, தேய்த்து எடுக்கும் ஓவிய முறை இதுதான்.

மட்டக்களப்பு வீடுகளில் இதற்கு என்ன குறை! சுளகு, பன்பாய், கிடுகு, வலை எல்லாம் இருக்கிறது. கடதாசி 70 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் எடை) மேல் வேண்டாம். தடித்த தாளில் பின்னல் ஏறாது. நாலு மூலைக்கும் டேப் ஒட்டுங்கள். மென்மையான, கறுப்பு கூடிய 6பி பென்சிலைப் படுக்கவைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் பள்ளமும் கறுத்து, படம் செத்துப்போகும். சாணம் மெழுகிய சுளகில் கோடே விழாது, மெழுகாததை எடுங்கள். வலையைப் பலகையில் இழுத்துக் கட்டாவிட்டால் முடிச்சு நகர்ந்து கோடு இரட்டிக்கும். மாரியில் தாள் ஈரம் குடித்துச் சுலபமாகக் கிழியும்.

பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முடிச்சுகள் மீன் செதிலாகத் தெரிந்தால், அழிறப்பரால் சுற்றி வெளிச்சம் திறந்துவிடுங்கள். முதலே மீனை வரைந்துவிட்டு உள்ளே தேய்த்து நிரப்பாதீர்கள். அது வெறும் அலங்காரம், ஏர்ன்ஸ்ட் விட்டு வெளியேறிய பழைய வழி.