ஒரு ஷீட்டை மட்டும் விட்டுவிடுங்கள்

மாமாவின் இடது மணிக்கட்டில் ஒட்டிய, இடுக்கு அடைக்கும் ஸ்ப்ரே நுரை இன்னும் முழுதாகப் போகவில்லை. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழத் தோல், அத்தையின் வசவு என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. ஈரமாக இருக்கும்போதே அசிட்டோன் தொட்டுத் துடைத்திருந்தால் போயிருக்கும். காய்ந்து இறுகிவிட்டால் அது எதற்கும் கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இந்தச் செய்தி அந்த ஸ்ப்ரே டப்பாவின் அடிப்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து அதைப் படித்து முடித்தபோது, படிப்பதற்குப் பயன் இருக்கும் நேரம் கடந்துவிட்டிருந்தது. மறுநாள் திங்கள்சந்தையில் கல்யாணம். கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தவரிடம் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிவைத்ததால், பாயசம் வருவதற்குள் அவருக்குக் கை ஒடிந்துவிட்டது என்ற செய்தி பந்தி முழுவதும் பரவிவிட்டது. மாலையில் குலசேகரத்திலிருந்து ஒரு குடும்பமே ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்து இறங்கியது. மாமா பழங்களை மறுக்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் எங்கள் மாடி அறைதான். மொட்டை மாடியில் பாதிக்கு அப்பா காலத்தில் போட்ட ஷீட் கூரை, அதற்கடியில் தடுத்துக் கட்டிய அறை, மீதிப் பாதி வெட்டவெளி. அந்த அறையில் உட்கார்ந்துதான் என் மனைவி தன் அலுவலக வேலையைப் பார்க்கிறாள். நடுப்பகல் வெயிலில் இரும்பு ஷீட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு காற்றுக்காகக் காத்திராமல் நேரே தலையில் இறங்கும். மழைக்காலத்திலோ சூடு இல்லை, சத்தம். இரண்டு பருவமழையும் தவறாமல் வந்து தங்கும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஷீட் கூரைக்குக் கீழே அலுவலகக் கூட்டம் நடத்துவது எப்படிப்பட்டது என்பதை, எதிர்முனையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் “நீங்கள் தொழிற்சாலைக்குள் இருந்து பேசுகிறீர்களா?” என்று கேட்டதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ஷீட்டின் அடியில் நுரை அடித்துவிட்டால் சூடும் சத்தமும் ஒருசேரக் குறையும் என்று இவள் எங்கோ பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அன்றோடு எங்கள் வீட்டில் நிம்மதி குறைந்தது.

எங்கள் குடும்பத்தில் எதை வாங்குவதானாலும் முதலில் அபிப்பிராயங்களைத்தான் வாங்குவோம். துபாய் அத்தான், தாம் தங்கியிருந்த முகாமின் கூரையில் இதே நுரை இருந்ததாகவும், அதற்கடியில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியதாகவும் சொன்னார். அங்கே குளிர்சாதனமும் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். கனடாவிலிருக்கும் மைத்துனர் காணொளியில் தோன்றி, நுரை எந்த நுரை என்பது முக்கியமில்லை, வெப்பத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் ஆர் மதிப்புதான் முக்கியம் என்றார். பஞ்சு போன்ற ஓப்பன் செல் நுரையாக இருந்தால் ஓர் அங்குலத்துக்கு மூன்றரை, கெட்டியான குளோஸ்டு செல்லாக இருந்தால் ஆறுக்கு மேல். தம்முடைய ஊரில் மேற்கூரைக்கு 60 வரை கொண்டுபோவார்கள் என்றும் சொன்னார். அவர் கூட்டிப் பெருக்கியதில் எங்கள் அறையின் கூரை ஏறத்தாழ பத்து அங்குலத் தடிமனுக்கு வந்தது. மின்விசிறியைத் தரையில்தான் மாட்ட வேண்டியிருக்கும். உள்ளே மூட்டிய சூடு வெளியே போய்விடக் கூடாதே என்று அஞ்சுகிறவர் அவர். வெளியே காய்கிற சூடு உள்ளே வந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறவர்கள் நாங்கள். அம்மா கைபேசியை வாங்கி, “அதெல்லாம் இருக்கட்டும் மக்களே, நீ எப்ப வாற?” என்று கேட்டார். இணைப்பு சரியில்லாமல் போய்விட்டது.

மாமா இவர்களையெல்லாம் நம்புகிறவர் அல்லர். எதையும் தாமே செய்து பார்த்துத்தான் முடிவெடுப்பார். ஆகவே மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கதவு நிலையின் இடுக்கை அடைக்கும் சிறு நுரை டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு, தம் வீட்டுக் குளியலறைக் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த வெடிப்பில் அடித்துப் பரிசோதித்தார். இந்த டப்பா நுரை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரிந்து இறுகுவது. எங்கள் மாவட்டத்துக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. வெடிப்பை நிரப்பியதோடு நிற்காமல் அது ஆப்பமாவு போலப் பொங்கி வெளியே வழிந்தது. வழிந்ததை மாமா கையால் தள்ளினார், கை மாட்டியது. பொங்குவதற்கு இடம் கிடைக்காத நுரையோ உள்ளுக்குள்ளேயே நெருக்கி நிலையை உட்பக்கம் தள்ளியதில், விடிந்து பார்த்தால் கதவு சாத்த மறுத்தது. நிலைக்கும் சன்னலுக்கும் குறைவாக விரிகிற வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் தெரிவித்த தகவல். ஆசாரி வந்து சரிசெய்யும்வரை, உள்ளே ஆள் இருப்பதை வெளியே தெரிவிக்கும் பொருட்டு, குளியலறைக்குள் போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அத்தை சட்டம் போட்டார். மாமாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அக்கம்பக்கத்தாருக்கும் அது இப்போது மனப்பாடம்.

இந்த நிலவரத்தில்தான் நுரை அடிக்கும் இளைஞர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து இரண்டு மாதிரித் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பஞ்சு போல அமுங்கியது. அது ஓப்பன் செல். மற்றொன்று நகத்தால் அழுத்தினாலும் அசையாதது. அது குளோஸ்டு செல். அமுங்குவது ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்டதும் ஏறத்தாழ நூறு மடங்கு விரியும், விலையும் குறைவு, ஆனால் தண்ணீரைக் குடிக்கும். அமுங்காதது முப்பது மடங்குதான் விரியும், விலை கூடுதல், ஆனால் ஈரத்தை ஏற்காது. கடற்காற்றும் மழையும் உள்ள ஊரில் ஷீட்டின் அடியில் அடிப்பதற்கு இரண்டாவதுதான் சரி, குளிர்சாதனம் இல்லாத அறைக்கு ஓர் அங்குலமே போதும், அதற்கு மேல் பணம் ஏறுகிற அளவுக்குப் பலன் ஏறாது என்றார். விற்க வந்தவர் குறைவாக வாங்குங்கள் என்று சொன்னதும் மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “இதுல எதோ இருக்கு மருமகனே” என்று என் காதில் சொன்னார். அது அந்த இளைஞரின் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னார்.

இளைஞர் பொறுமைசாலி. இரண்டு பீப்பாய்களில் தனித்தனியாக இருக்கும் திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்த நொடியிலேயே நுரைக்கத் தொடங்கும். ஒன்று ஐசோசயனேட், மற்றொன்று பாலியால். கலக்கும்போது எழும் ஆவி மூச்சுக்கு ஆகாது என்பதால் அடிப்பவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொள்வார்கள். வீட்டிலிருப்பவர்கள் ஒரு முழு நாள் வெளியே தங்கிவிட வேண்டும் என்று விளக்கினார். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்பவர் கண்டுபிடித்த பாலியூரித்தேன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது, நம் வீட்டு ஃப்ரிட்ஜின் சுவருக்குள் இருப்பதும் இதே வகை நுரைதான் என்றும் சொன்னார். அம்மா ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடமாகக் கூடவே இருந்தும் இதைச் சொல்லவில்லையே என்ற பார்வை அது.

அத்தான் அவசரப்பட்டு, அப்படியானால் முன்பக்கத்து ஓட்டுக்கூரைக்கும் சேர்த்து அடித்துவிடலாமே என்றார். இதற்கு மட்டும் இளைஞர் பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் கொத்தனார் பதில் சொன்னார். அவர் ஏன் அங்கே இருந்தார் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை. எங்கள் முற்றத்துத் தென்னை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் ஓடுகளை உடைக்கும். உடைந்த ஓட்டை மட்டும் உருவியெடுத்துவிட்டு வேறு ஓடு செருகுவதுதான் ஓட்டுக்கூரையின் சௌகரியமே. அடியில் நுரையை அடித்து எல்லா ஓடுகளையும் ஒரே பலகையாக ஒட்டிவிட்டால் ஒன்றை மாற்ற ஒன்பதைப் பெயர்க்க வேண்டும். ஒழுகும் தண்ணீர் நுரைக்கு மேலேயே ஓடி, பொத்தல் ஓரிடத்தில் இருக்க, சொட்டு வேறிடத்தில் விழும். ஓட்டைத் தாங்கும் அயனிமரக் கழுக்கோல்கள் நனைந்தும் காயாமல் உளுத்துப்போகும். இளைஞரும் ஆமென்றார். மாமா உடனே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விட்டார். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சன்னல்களில் மைக்கா பதித்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டார்களே, எந்த நுரை அடித்தார்கள் என்று கேட்டார். அங்கிருந்து, 1956-இல் மாவட்டம் இந்தப் பக்கம் வந்தும் அரண்மனை நிர்வாகம் கேரளத்திடமே இருப்பதற்கு அவர் நகரத் தொடங்கியபோது, அத்தை தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே அவர் முன்னால் வைத்தார்.

அடுப்பு விவகாரம் நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. மாடிப்படி முடியுமிடத்தில், ஷீட்டுக்கு அடியில்தான் அம்மாவின் விறகடுப்பு இருக்கிறது. முந்திரிக்கொத்து பொரிப்பதானால் அங்கேதான் பொரிப்பார். தீயைத் தாமதப்படுத்தும் மருந்து கலந்திருந்தாலும் இந்த நுரை எரியக்கூடிய பொருள்தான், திறந்த நெருப்புக்கு மேலே அதை மூடாமல் விடவே கூடாது, அறைக்குள்ளும் அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்து மறைப்பதே நல்லது என்று இளைஞர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரிய போர் மூளுமென்று நானும் இவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா, “அடுப்ப கீழ கொல்லைக்குக் கொண்டு போயிரலாம்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எல்லாம் சுபமாக முடிகிற நேரத்தில், அந்தப் பிள்ளை தன் கடைசிச் சிறப்பைச் சொன்னார்: “இதை அடித்துவிட்டால் அம்மா, மழை பெய்வதே உங்களுக்குத் தெரியாது.”

அம்மாவின் முகம் மாறியது. “மழ பெய்யுது தெரியாட்டா, மாடியில கிடக்கதெல்லாம் யாரு எடுப்பா?”

வெட்டவெளிப் பாதியில் எப்போதும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். கொப்பரை, நல்லமிளகு, புளி, மரச்சீனிக் கிழங்கு வற்றல் என்று பருவத்துக்கொன்று. அம்மா கீழே அடுக்களையில் இருப்பார். முதல் நான்கைந்து துளிகள் ஷீட்டில் விழும் சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி அவர் காதுக்கு வந்துவிடும். அது வெறும் தூறலா, விட்டுவிட்டுப் பெய்வதா, மலைப்பக்கமிருந்து கட்டிக்கொண்டு வருவதா என்பதை அந்தச் சத்தத்திலேயே பிரித்துவிடுவார். முழங்கால் வலிக்காக மருந்து சாப்பிடும் அம்மா அப்போது படியேறும் வேகத்தை, மருந்து எழுதிக்கொடுத்தவர் பார்க்காமலிருப்பதே நல்லது. எங்கள் கைபேசிகளில் மஞ்சள் எச்சரிக்கை வந்து விழும்போது, கொப்பரை சாக்குக்குள் போய் நெடுநேரம் ஆகியிருக்கும். இந்தப் பணிக்கு அவர் இதுவரை யாரிடமும் உதவி கேட்டதில்லை. நாங்களும் அது ஒரு பணியென்று நினைத்ததில்லை.

ஷீட் கூரையின் சத்தம் ஒருத்திக்குத் தொல்லை, இன்னொருவருக்கு அழைப்புமணி. நான் நடுவில் நின்றேன். நடுவில் நிற்பதில் எனக்குத் திருமணமான நாள் முதல் பயிற்சி உண்டு. ஆனால் வழி கண்டுபிடித்தவள் இவள்தான். அறைக்கு மேலே முழுக்க அடிக்கட்டும், படிக்கட்டுக்கு மேலே வருகிற ஒரு ஷீட்டை மட்டும் விட்டுவிடட்டும் என்றாள். அம்மா சற்று யோசித்து, அந்த ஒரு ஷீட்டில் விழுகிற சத்தம் போதும் என்றார். அந்த வழியாகக் கொஞ்சம் சூடு இறங்கத்தான் செய்யும் என்று இளைஞர் எச்சரித்தார். படிக்கட்டில் யாரும் உட்காரப் போவதில்லை என்று மாமா தீர்ப்பளித்தார். ஒரு ஷீட்டைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பதையும் அம்மா மறக்காமல் சொல்லி அனுப்பினார்.

ஷீட்டின் அடிப்பக்கம் காய்ந்து, துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமலிருந்தால்தான் நுரை பிடிக்கும், இல்லாவிட்டால் உரிந்து தொங்கும் என்பதால் மழையில்லாத நாளுக்குக் காத்திருக்கிறோம். காற்றும் இருக்கக் கூடாதாம். தெறித்த துளிகள் பறந்து அடுத்த வீட்டு வாத்தியாரின் புதுக் காரில் போய் ஒட்டினால் பிறகு அவர் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. மழையும் காற்றும் ஒன்றாக விடுமுறை எடுக்கும் நாள் இந்த மாவட்டத்தில் எப்போது வருமென்று காலண்டரில் ராகுகாலம், எமகண்டத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கலாம்.

கொட்டேஷன் நேற்று மாலை வந்தது. மொத்தச் சதுர அடியில் ஒரு ஷீட்டின் அளவை நாணயமாகக் கழித்திருந்தார்கள். அதற்கு அடுத்த வரியில், அந்த ஒரு ஷீட்டில் நுரை தெறித்துவிடாதபடி பிளாஸ்டிக் தாள் கட்டி ஓரங்களில் டேப் ஒட்டி மறைக்கும் வேலைக்கென்று ஒரு தொகையைச் சேர்த்திருந்தார்கள். சேர்த்தது கழித்ததைவிடக் கூடுதல். அடிக்காமல் விடுவதற்கு அடிப்பதைவிட அதிகச் செலவு என்பதை மாமா இரண்டு முறை வாசித்துவிட்டு, நுரை ஒட்டிய கையை ஓங்கிக்கொண்டு தொலைபேசியைத் தேடினார். அம்மா அதற்குள் உள்ளே போய், போன வெட்டுத் தேங்காய் விற்ற காசைக் கொண்டுவந்து, அந்த வரிக்குரிய தொகையைத் தனியாக எண்ணி இவள் கையில் கொடுத்தார். தன் ஷீட்டுக்குத் தனி ரசீது வேண்டும் என்றார்.