யூர்கோர்டன் தீவின் பட்ட மரங்கள்

ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் தீவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் வாசா அருங்காட்சியகத்தைக் காணவே செல்கின்றனர். 1628-இல் முதற்பயணத்திலேயே கவிழ்ந்த அந்தப் போர்க்கப்பலுக்காக ஏறத்தாழ ஆயிரம் ஓக் மரங்கள் வெட்டப்பட்டனவாம். நான் தேடிப் போனதோ, அங்கிருந்து கிழக்கே நடந்தால் புல்வெளிகளின் ஓரத்தில் கிடக்கும் பட்டுப்போன ஓக் மரங்களையும், அவற்றில் வாழும் நீள்கொம்பு வண்டுகளையும்.

1558-இல் மன்னர் குஸ்தாவ் வாசா ஓக் மரங்களை அரசுடைமையாக்கினார். கப்பல் கட்டவே அவை தேவைப்பட்டன. பின்னாளில் அந்த உரிமை நீங்கியபோது நாட்டின் பல இடங்களில் ஓக்குகள் வீழ்ந்தன. யூர்கோர்டனோ அரச வேட்டைக்காடாக இருந்ததால் முதிய மரங்கள் தப்பின. 1995 முதல் இப்பகுதி தேசிய நகரப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது.

வெயில் நேராக விழும் ஒரு தடித்த கட்டையின் அருகே காத்திருந்தேன். கருமையான உடலில் அகன்ற மஞ்சள் பட்டைகள் கொண்ட வண்டு ஒன்று, குளவியோ என்று ஐயுறும்படி விட்டுவிட்டு ஓடியது. நின்றபோதெல்லாம் வயிற்றின் நுனியை நீட்டி மரப்பட்டையின் வெடிப்புகளைத் துழாவியது. முட்டையிட இடம் தேடும் பெண் வண்டு அது. பிளாஜியோனோட்டஸ் டெட்ரிட்டஸ் என்னும் இவ்வினம் ஸ்வீடனில் மிக அரிது.

இதற்கு வேண்டியது அண்மையில் பட்ட, தடித்த பட்டையுள்ள, வெயில் படும் ஓக் மரம். புழுக்கள் பட்டைக்கடியில் உள்ள சத்தான திசுவைத் தின்று வளர்கின்றன. அது தீர்ந்து, பட்டை உலர்ந்து கழன்றுவிட்டால் அந்த மரம் இவற்றுக்குப் பயன்படாது. ஆகவே அருகிலேயே புதிதாகப் பட்ட மரம் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூங்காவைத் துப்புரவாக்குவதாகக் கருதி அவற்றை அப்புறப்படுத்துவது, இவ்வண்டின் அடுத்த தலைமுறையையே விறகோடு சேர்த்து எரிப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து. மாந்தோப்புகளில் தண்டு துளைப்பானோடு போராடும் நம் விவசாயிகளுக்கு இது வியப்பளிக்கலாம். அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் இந்த வண்டு நலமாக நிற்கும் ஓக்கை நாடுவதில்லை.

காண விரும்புவோர் ஜூன், ஜூலை மாதங்களில் வெயிலேறிய நண்பகலில் செல்லலாம். கட்டைகளின் பட்டையை மட்டும் உரித்துப் பார்க்காதீர்கள்; உள்ளே புழுக்கள் இருக்கும்.