ஆப்பு

டிராக்டரின் முன் ஆக்சிலில் கை வைப்பதற்கு முன்னால் ரெண்டு பக்கமும் ஆப்பு அடிக்கணும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேட்டுப்பாளையத்தில் நான் தொழில் பழகிய பட்டறையின் முதலாளி. ஏன் அடிக்கணும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினாறு வயதில் அங்கே கேள்வி கேட்டால் பதிலுக்கு ஸ்பேனர் பறந்து வரும். ஆக்சிலுக்கும் அதன் மேலே உட்கார்ந்திருக்கும் வார்ப்புக்கும் நடுவில், ஆக்சிலை நடுவில் கோத்திருக்கும் சென்டர் பின்னுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பூவரசங்கட்டையில் செதுக்கிய ஜோடி ஒன்றை அவர் எண்ணெய் போட்டு வைத்திருப்பார். ஊட்டிக்கு வந்து தனியாகப் பட்டறை போட்டபோது நான் முதலில் செய்த சாமான் அதே மாதிரி ஒரு ஜோடிதான். கற்பூர மரத்தில், அதாவது யூகலிப்டஸில் செய்தேன், இங்கே அதுதானே கிடைக்கிறது.

இருபத்தைந்து வருஷம் ஆப்பு அடித்தேன். அது எதற்கென்று புரிந்தது போன ஆடி மாதம்.

ஆடிச் சாரலில் ஊட்டியில் வேலை படுத்துவிடும். மண் சேறாகிக் கிடக்கும்போது யார் டிராக்டரை வெளியே எடுப்பார்கள்? அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் நஞ்சநாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, பெரியவர் ஒருவர் தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பழைய மாசே பெர்குசன் 1035. சிவப்புப் பெயின்ட் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. சிம்சன் எஞ்சின் மட்டும் குற்றமில்லாமல் ஓடியது. 2,200 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, டீசல் எஞ்சின் கொஞ்சம் கறுப்பாகப் புகை விடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பம்பைப் பிரிப்பவர்கள் கீழ்நாட்டு மெக்கானிக்குகள்.

வண்டி நின்ற பிறகும் பெரியவர் ஸ்டியரிங்கை விடவில்லை. கால் சுற்று இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். சக்கரம் அசையவே இல்லை.

“ஆட்டம் இருக்குதுங்கய்யா, எடுத்துரலாம்” என்றேன்.

“ஆட்டம் கெடக்கட்டும் தம்பி. முன்னாடி அகலமா வெச்சுக் குடு. போன வாரம் என் தம்பி ஓட்டறப்ப சாஞ்சிருச்சு.”

கேரட் பாத்தியின் ஓரம், மழையில் வரப்பு இளகி, இடப்பக்கப் பின்சக்கரம் இறங்கியிருக்கிறது. வண்டி சாய்ந்து, கீழ்த்தட்டின் மண்சுவரில் மட்கார்டு முட்டி நின்றுவிட்டது. ஆள் மேல்பக்கமாகக் குதித்துத் தப்பித்துவிட்டார். அதை அவர் சொன்ன விதத்தில், தப்பித்த ஆளைவிட நசுங்கிய மட்கார்டு மேல்தான் வருத்தம் என்பதுபோல இருந்தது. ஆனால் அந்தக் கை ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

முன்பக்கம் ஒடுக்கமாக இருப்பதால்தான் சாய்ந்தது என்பது அவர் கணக்கு. கால் அகட்டி நின்றால் விழமாட்டோம், அதே நியாயம். நானும் “ஆமாங்கய்யா” என்றேன். பொய் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடியில் படுத்துப் பார்த்தபோது, அவருக்கு முன்பே யாரோ இதே ஆசையில் கை வைத்திருப்பது தெரிந்தது. இந்த ஆக்சில் மூன்று துண்டு. நடுவில் ஒரு பீம், ரெண்டு பக்கமும் அதில் நுழையும் கை. பீமிலும் கையிலும் வரிசையாக ஓட்டை இருக்கும். போல்ட்டைக் கழற்றிக் கையை ஒரு ஓட்டை வெளியே இழுத்தால் பக்கத்துக்கு ரெண்டு அங்குலம், மொத்தம் நாலு அங்குலம் அகலும். ஹாரி பெர்குசன் 1946-ல் இங்கிலாந்தில் கொண்டுவந்த டி.இ.20 என்ற சின்னச் சாம்பல் நிற டிராக்டரிலேயே இந்த ஏற்பாடு உண்டு. அதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. கை நேராக இல்லாமல் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ரெண்டு பக்கமும் தனித்தனி ராடு வரும். அந்தச் சாய்வின் கணக்கால், கையை எவ்வளவு இழுத்தாலும் ராடின் நீளத்தை மாற்ற வேண்டியதில்லை, சக்கரத்தின் நேர் கெடாது. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது. அந்தப் பெர்குசன் கம்பெனி 1953-ல் மாசே ஹாரிஸோடு சேர்ந்தது. 1960-ல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கியபோது அந்த வம்சம் நம்மூருக்கு வந்தது. நம் 1035 அதன் பேரப்பிள்ளை.

இத்தனை வசதி இருந்தும் இந்த வண்டியில் கை பீமோடு துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தது. இழுக்க வராததால் போன மெக்கானிக் குறுக்கு வழி கண்டிருக்கிறார். போல்ட்டுத் தலைகளைச் சுற்றி வெல்டிங் வைத்துவிட்டு, ரிம்மைக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார். உள்ளே இருக்கவேண்டிய குழிவு வெளியே வந்துவிட்டது. டயர் சில அங்குலம் வெளியே தள்ளி நின்றது, பார்க்க அகலம்தான். ஆனால் பாரம், சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங் பின்னை விட்டு விலகிவிட்டது. ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கை உதைக்கும், ஹப்பில் வெளிப் பேரிங் தனியாகச் சுமந்து சாகும். அப்படியே செத்திருந்தது. கழற்றியபோது உருளைகள் உதிரியாக, காய்ந்த கிரீஸில் மிளகு மாதிரி விழுந்தன.

பழைய ஆக்சிலைக் காப்பாற்ற முடியாது. கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையொன்றில் உடைத்த வண்டியின் முன் செட்டு முழுசாகக் கிடைத்தது. பீம், ரெண்டு கை, ஸ்டப் ஆக்சில், ஹப். அதைக் காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் வேனில் போட்டு மேலே கொண்டுவந்தோம். கிங் பின் புஷ் தேய்ந்திருந்ததால் புதுசு அடித்து ரீமர் விட லேத் பட்டறைக்கு அனுப்பினேன். அங்கே ஒரு பையன் புஷ்ஷை நேராக அழுத்தாமல் சுத்தியால் அடித்து வாயை நசுக்கி அனுப்பிவிட்டான். கிங் பின் பாதி தூரம் போய் நின்றது. ரெண்டு நாள் வீண். அந்தப் பட்டறை எது என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் அங்கேதான் போகவேண்டும்.

என் பட்டறைப் பையனும் தன் பங்குக்கு ஒன்று செய்தான். இடது கையையும் வலது கையையும் மாற்றிப் பீமில் ஏற்றிவிட்டான். ரெண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். போல்ட் எல்லாம் முறுக்கி முடித்து ராடைக் கொண்டுபோய்ப் பொருத்தினால் ஒரு சாண் எட்டவில்லை. சாய்வு முன்பக்கம் போயிருந்தது. “அண்ணா, ராடு சின்னதாயிருச்சு” என்றான். ராடு சின்னதாகுமா? மழை பெய்துகொண்டிருந்ததாலும் பெரியவர் டீ வாங்கிக்கொடுத்திருந்ததாலும் நான் ஸ்பேனரை வீசவில்லை.

ஆப்பு விஷயத்துக்கு வருகிறேன். பழைய செட்டை இறக்கும் அன்று பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினுக்கு அடியில் பலகை போட்டு ஜாக்கி கொடுத்தோம். எப்போதும்போல முதலில் ஆப்பு. பையன் ஒன்றை அடித்துவிட்டு மற்றதைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் அவசரத்தில் ஜாக்கியை ரெண்டு தடவை அடித்து ஏற்றிவிட்டேன். பட்டறைத் தரை கொஞ்சம் சரிவு. ஊட்டியில் சமதரைப் பட்டறை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆப்பு இல்லாத பக்கம் வண்டியின் மூக்கு மெதுவாக, ஒரு எருமை படுப்பதுபோல, சாயத் தொடங்கியது. சக்கரம் ரெண்டும் தரையில்தான் இருந்தன. ஆக்சில் அசையவில்லை. எஞ்சின் மட்டும் அதன் மேல் ஒரு பின்னைச் சுற்றி உருண்டது. பையன் கத்தினான், ஜாக்கியை இறக்கினேன், ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அன்று மதியச் சோறு இறங்கவில்லை. முன்சக்கரம் ரெண்டும் தரையில் உறுதியாக நிற்கும்போதே வண்டி சாய்கிறதென்றால், அந்தச் சக்கரங்களை எவ்வளவு அகட்டி என்ன?

ஆக்சில் அந்தச் சென்டர் பின்னில் ஆடுவது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. காட்டு நிலத்தில் ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறினாலும் நாலு சக்கரமும் மண்ணைத் தொட்டிருக்க வேண்டும் அல்லவா. அதற்காக. இது எனக்குத் தெரியும், அந்தப் பின்னுக்கு எத்தனையோ தடவை கிரீஸ் அடித்திருக்கிறேன். ஆனால் மறுபக்கத்தை யோசித்ததில்லை. வண்டியைத் தாங்குவது நாலு கால் இல்லை. பின்சக்கரம் ரெண்டு, முன்னால் அந்த ஒற்றைப் பின். டிராக்டர் ஒரு முக்காலி. ஆக்சில் ஆடி ஆடி மேலே வார்ப்பில் போய் முட்டிய பிறகுதான் முன்சக்கரத்தின் அகலம் உதவிக்கு வரும். சரிவில் அதற்குள் பாதி காரியம் முடிந்திருக்கும். அமெரிக்காவில் 1924-ல் வந்த ஃபார்மால் டிராக்டரில் முன்சக்கரம் ரெண்டும் நடுவில் ஒட்டி, மூன்று சக்கர வண்டிபோல இருக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். நம் வண்டியைப் பார்த்து வராது. ஆனால் நம்முடையதும் பெருமளவுக்கு அதே கதைதான், உருவம் ஏமாற்றுகிறது.

புதுச் செட்டை மாட்டினோம். கையை ரெண்டு ஓட்டை வெளியே வைத்தோம். ஹப் நட்டைச் சக்கரம் சுற்றச் சுற்ற முறுக்கி, பிடித்ததும் ஒரு பட்டை தளர்த்தி, ஸ்ப்ளிட் பின் போட்டோம். முன்சக்கரங்கள் முன்னால் லேசாக உள்நோக்கி நிற்கும் டோ-இன் கால் அங்குலத்துக்குள் நின்றது. 6.00-16 அளவில் மூன்று வரி டயர், புதுசு. ஜீப் டயரும் இதே அளவில் உண்டு, விலையும் குறையும் என்று பெரியவரின் மகன் போனில் சொன்னார். வேண்டாம் என்றேன். முன்டயரின் அந்த வரி மேடு மண்ணை வெட்டிப் பிடித்தால்தான் ஈரத்தில் வண்டி திரும்பும். ஜீப் டயர் சேற்றில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் நேரே போகும்.

பெரியவர் வந்து ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “இனி சாயாது” என்றார்.

காசை வாங்கிப் பையில் போட்டுவிட்டு “ஆமாங்கய்யா” என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆடி மாதம், வீட்டு வாடகை வேறு பாக்கி. ஆனால் அந்த நம்பிக்கையோடு அவர் வரப்பு ஓரம் இன்னும் ஒரு முழம் தைரியமாக ஓட்டுவார். அது என் கண் முன்னால் வந்து நின்றது.

சொன்னால் நம்பமாட்டார் என்று தெரியும். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ரசமட்டம் வாங்கிவரச் சொன்னேன். பானட்டின் மேல் குறுக்காக வைத்தேன். தரைச் சரிவுக்குக் குமிழி கொஞ்சம் ஒதுங்கி நின்றது, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு இடது முன்சக்கரத்தை ஆறு அங்குலக் கட்டை மேல் ஏற்றினோம். சக்கரம் தூக்கிக்கொண்டு, ஆக்சில் கோணலாக நின்றது.

“குமிழியைப் பாருங்கய்யா.”

குனிந்து பார்த்தார். கோட்டிலேயே இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

கட்டையை எடுத்து அதே இடப்பக்கம் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஏற்றினோம். குமிழி ஓடிப்போய் மூலையில் ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தகரக் கூரையில் சாரல் சத்தம் மட்டும். பிறகு அவர் கேட்டது நியாயமான கேள்வி. “அப்ப இத்தனை செலவு பண்ணுனது எதுக்கு?”

ஸ்டியரிங்குக்கும் பேரிங்குக்கும் என்றேன். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தடத்தில் போனால் பாத்தி மிதிபடாது என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் சாய்வுக்கு மருந்து பின்னால் இருக்கிறது, இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்றும் சொன்னேன். கடைசி வாக்கியம் சொல்வது கஷ்டமாக இருந்தது. மெக்கானிக் வாயில் வரக்கூடாத வாக்கியம் அது.

பின்சக்கரத்தை வெளியே தள்ள வேறு சாமான் வாங்க வேண்டியதில்லை, உடம்பு வலிதான் செலவு. டிஸ்கையும் ரிம்மையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் நாலு நாலு அங்குலமாக அகலும். சக்கரத்தை முழுசாகத் திருப்பிப் போடுவதாக இருந்தால் வலது சக்கரம் இடப்பக்கம் போகவேண்டும், இல்லாவிட்டால் டயரின் பட்டை தலைகீழாகி மண்ணைப் பிடிக்காது. டியூபுக்குள் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தது. அதை முதலில் இறக்கி, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றினோம். அந்தக் கனம் கீழேயே இருப்பது சரிவில் நல்லது.

முழு அகலத்துக்கு வைத்துவிடலாம் என்றேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. கேரட் கழுவும் இடத்தைத் தாண்டித் தோட்டத்துக்கு இறங்கும் பாதையில் ஒரு பக்கம் கற்சுவர், மறுபக்கம் பங்காளியின் வேலி. வண்டி இன்னும் ஒரு சாண் அகன்றால் வேலியைத் தொடும், வேலியைத் தொட்டால் பஞ்சாயத்து வரும். கடைசியில் நாலு அங்குலத்துக்குச் சம்மதித்தார். முன்பக்கத்தையும் அதே தடத்துக்கு வர ஒரு ஓட்டை உள்ளே தள்ளினேன். எந்த அகலத்துக்கு ஆசைப்பட்டு வந்தாரோ, அதில் பாதியை நானே திரும்பக் குறைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பின்சக்கர வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, ஆனால் கிளம்பும்போது ரசமட்டத்தைக் கேட்டார். தம்பிக்கு இதைக் காட்டணுமாம், வாயில் சொன்னால் அவன் கேட்கமாட்டானாம். மேஸ்திரியுடையது என்று சொன்னேன். “நாளைக்குக் குடுத்தனுப்பறேன்” என்று சீட்டுக்கு அடியில் இருந்த சாமான் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்.

மார்கழி வந்துவிட்டது, காலையில் புல்லெல்லாம் உறைபனி. மூட்டைக் கேரட் ரெண்டு தடவை வந்தது. ரசமட்டம் வரவில்லை. விசாரித்ததில், தம்பிக்குக் காட்டி முடித்து, பக்கத்து ஹட்டியில் இன்னொரு டிராக்டர்காரருக்குக் காட்டப் போயிருக்கிறதாம். மேஸ்திரி தினமும் பட்டறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்.