பெரியப்பா தூங்காமல் பார்த்த படம்

போன ஞாயிற்றுக்கிழமை என் பையன் 'மேக்ஸ்' படத்தை டிவியில் போட்டான். போவாஸ் யாகின் இயக்கி 2015-இல் வந்த அமெரிக்கப் படம். கட்டிலில் சாய்ந்திருந்த பெரியப்பா எப்படியும் அரை மணி நேரத்தில் குறட்டை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனுஷன் கண்ணை மூடவே இல்லை.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவதால் சுற்றுவட்டாரத்தில் மிலிட்டரி பேட்டை என்பார்கள். பெரியப்பாவும் போனவர்தான், ஆனால் அவருக்கு நாய்ப் பிரிவு. மீரட்டில் பயிற்சி, அப்புறம் காஷ்மீர். ஊரில் மற்றவர்கள் சண்டைக் கதை சொல்லும்போது இவரை மட்டும் "இன்னா, நாய்க்குச் சோறு போட்டியா?" என்று கிண்டல் செய்வார்களாம்.

கதை இதுதான். ஆப்கானிஸ்தானில் கைல் என்ற வீரன் சாகிறான். அவனுடன் இருந்த ராணுவ நாய் மேக்ஸ் யாருக்கும் அடங்க மறுக்கிறது. சவப்பெட்டி அருகே கொண்டுவரும்போதுகூட அப்படித்தான். கைலின் தம்பி ஜஸ்டினிடம் மட்டும் அடங்குகிறது. குடும்பம் ஏற்காவிட்டால் அதைக் கொன்றுவிடுவார்கள். அண்ணன் நாயை வேண்டா வெறுப்பாக வீட்டுக்குக் கொண்டுவருகிறான் தம்பி.

"நம்மகிட்டயும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் பெரியப்பா. உண்மைதான். நம் ராணுவத்தில் வேலைக்கு ஆகாத நாய்களைக் கருணைக்கொலை செய்கிறார்கள் என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்ததும் அதே 2015-இல்தான். இப்போது ஓய்வுபெற்ற நாய்களைத் தத்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கு 2000-இலேயே சட்டம் வந்துவிட்டது.

பாதிக்கு மேல் ஆயுதக் கடத்தல், துரத்தல் என்று படம் வேறெங்கோ போகிறது. எனக்கு அலுப்பாக இருந்தது, பையனுக்குப் பிடித்திருந்தது. பெரியப்பாவோ வில்லனைக் கண்டுகொள்ளவே இல்லை. பெல்ட்டை யார் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதிலேயே இருந்தார். "தளர்த்திப் பிடிடா, நம்ம கை நடுங்கினா அதுக்குத் தெரிஞ்சிடும்" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். வலது கை தொடைமேல் மூடி மூடித் திறந்தது.

ஜூலை 4 வாணவேடிக்கைச் சத்தத்தில் மேக்ஸ் மிரளும் இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்.

2022 அக்டோபரில் அனந்த்நாக்கில் இரண்டு குண்டடி பட்டு ஜூம் என்ற ராணுவ நாய் இறந்த செய்தி வந்தபோதும் இப்படித்தான் போனார். நாங்கள் கேட்கவில்லை. தன் நாயின் பெயரைக்கூட அவர் எங்களிடம் சொன்னதில்லை. மாறுதல் வந்தால் ஆள் போவான், நாய் அங்கேயே இருக்கும். அடுத்தவன் வந்து பெல்ட்டைப் பிடிப்பான். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்.

தீபாவளிக்கு எங்கள் தெருவில் சரவெடி விடியற்காலையே ஆரம்பித்துவிடும். வாசலில் படுக்கும் செவலை நாய் நேராக எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்து பெரியப்பா கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். நாயை உள்ளே விடுகிறாரே என்று பெரியம்மா வருஷா வருஷம் திட்டுவாள். அவர் காதில் வாங்காமல் ஜன்னலைச் சாத்தி, டிவி சத்தத்தை முழுசாக வைத்துவிட்டு, புதுவேட்டியோடு தரையில் உட்கார்ந்து கையைக் கட்டிலுக்கு அடியில் நீட்டி வைத்திருப்பார். இட்லி ஆறிப்போகும்.