லோ கிலோமீட்டர் என்றால் கொஞ்சம் பொறுங்கள்: சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய அனுபவம்

புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வசதி எனக்கில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன ஒன்று, இன்றைக்கு ஒரு நல்ல புது எஸ்யூவியின் விலைக்குள் கிடைத்துவிடுகிறது. வாங்கும் விலைதான் இறங்கியிருக்குமே தவிர, உதிரிபாக விலை இறங்காது. அதனால் கையில் இருந்த பணத்தில் ஒரு பங்கை முதல் வருட வேலைகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் தேடவே ஆரம்பித்தேன். ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே கேமன் ஆகிய மூன்றில் எது நன்றாக அமைகிறதோ அது என்று திட்டம்.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது "லோ கிலோமீட்டர், சிங்கிள் ஓனர்". எனக்கு வண்டி பார்த்துக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் இதைக் கேட்டதுமே சலித்துக்கொண்டார். "கிலோமீட்டர் கம்மின்னு சந்தோஷப்படாத தம்பி. ஓடின வண்டியை விட நின்ன வண்டிதான் செலவு வைக்கும்."

அண்ணா நகரில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் கவர் போட்டு நின்ற டிடியைப் பார்த்தபோது அவர் சொன்னது புரிந்தது. மீட்டரில் 14,000. பெயின்ட் பளபளவென்று இருந்தது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள் என்பார்கள். அதில் 2213 என்று இருந்தது. அதாவது 2013ஆம் வருடம் 22வது வாரம் தயாரித்த டயர். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்வெட்டு) அப்படியே இருக்கிறது, ஆனால் ரப்பர் கல்லாக இறுகி, ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்பு. நம் ஊர் வெயிலில் நிறுத்தி வைத்தாலே இதுதான் கதி. டயர் மட்டுமா? ரப்பர் புஷ், கூலன்ட் ஹோஸ், கதவு பீடிங் எல்லாவற்றுக்கும் அதே வயதுதான். பானெட்டுக்குள் எலி கடித்த வயருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பிரேக் ஆயிலைக் கிலோமீட்டர் ஆனாலும் ஆகாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது ஈரத்தை இழுக்கும். "வண்டி ஓடவே இல்லையே சார், எதுக்கு சர்வீஸ்?" என்று கேட்டார் உரிமையாளர். நல்ல மனிதர்தான். கும்பிட்டுவிட்டு வந்தோம்.

சென்னையில் வாங்குவதற்கென்றே ஒரு தனிப் பரீட்சை இருக்கிறது: வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அடுக்குமாடிகளின் பேஸ்மென்ட்டில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதிய வண்டி ஏலத்தில் போய், சுத்தமாகி, மறுபடி சந்தைக்கு வரும். ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருப்பதால், மற்ற வண்டிக்குச் சக்கரம் நனையும் அளவுத் தண்ணீரே இதன் கார்பெட்டுக்குள் ஏறிவிடும்.

வெள்ள வண்டியைக் கண்டுபிடிக்க மூக்கைத்தான் முதலில் நம்புவேன். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். தூக்கலான கார் பெர்ஃபியூம் அடித்தால் அதுவே ஒரு தகவல். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் அவ்வளவு தூரம் இழுத்துத் துவைப்பதில்லை, சேற்றுக் கோடு அங்கே நிற்கும். சீட்டுக்கு அடியில், அது முன்னும் பின்னும் நகரும் ரெயில்களின் திருகுகளில் துரு, கார்பெட்டுக்குக் கீழே இருக்கும் ஃபோமின் ஈரம், டிக்கி அடிக்குழி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம். நான் பார்த்த இசட்4 கண்ணுக்கு இதில் பெரும்பாலானவற்றில் தேறிவிட்டது. மடங்கும் கூரைகூட இருமுறை திறந்து மூடியது.

மாட்டியது காகிதத்தில். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். கிளெய்ம் எதுவும் இல்லாவிட்டால் வருடத்துக்கு வருடம் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். சொந்த சேதத்துக்குக் கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு விழும். ஒரே கையில் பல வருடம் இருந்த வண்டி, சின்ன கீறல்கூட இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். ஆனால் 2024 பாலிசியில், அதாவது மிக்ஜாமுக்கு அடுத்து வந்த பாலிசியில், போனஸ் பூஜ்யம். ஏன் என்று கேட்டதற்கு புரோக்கர் "அது டெக்னிக்கல் மிஸ்டேக்" என்றார். அதற்குப் பிறகு எந்த வண்டியாக இருந்தாலும் இரண்டு வெள்ளங்களுக்கும் அடுத்த வருடப் பாலிசிகளான 2016, 2024 நகல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் நேரில் போவேன். பாதி பேர் அனுப்பமாட்டார்கள். பெட்ரோல் மிச்சம்.

கடைசியில் அமைந்தது ஒரு கேமன் எஸ். விளம்பரத்தில் 2011 மாடல் என்றிருந்தது. சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருடத்தைச் சொல்லும்: A என்றால் 2010, B என்றால் 2011. இதில் A. பதிவு செய்த வருடத்தை மாடலாகச் சொல்லி விற்பது இங்கே சகஜம், அதை வைத்தே விலையைக் கொஞ்சம் குறைத்தேன். எனக்கு முக்கியம் அது 2009இலிருந்து வந்த தலைமுறையாக இருக்க வேண்டும் என்பதுதான். அதற்கு முந்தைய என்ஜின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்ற ஒன்று, அதாவது உள்ளே சுழலும் இடை ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங், உடைந்தால் என்ஜினையே கொண்டுபோய்விடும். 2009இல் வந்த புது என்ஜினில் அந்த ஷாஃப்ட்டே கிடையாது.

இந்த வண்டியில் என்ஜின் நடுவில் இருப்பதால் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க முடியாது. பின் டிக்கியில் ஆயிலும் கூலன்ட்டும் ஊற்றும் மூடிகள் மட்டும்தான் தெரியும். ஆகவே ஒர்க்ஷாப் லிஃப்டில் ஏற்றியே ஆகவேண்டும். ஏற்ற மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை நீட்ட வேண்டியதில்லை. கீழே ஆயில் கசிவு, ஸ்பீடு பிரேக்கரில் தேய்ந்த தடம், ஜாக்கி வைக்கும் இடத்தின் நசுங்கல் மூன்றையும் பார்த்தோம். திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் வளர்ந்த வண்டி என்றால் போல்ட்டுகளிலும் சைலன்சரிலும் உப்புக்காற்றின் துரு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முன் பம்பரின் இரு மூலைகளிலும் ரேடியேட்டர்கள். அங்கே காய்ந்த இலையும் பாலிதீன் துண்டும் ஒரு கை நிறைய வந்தன. இது குறையில்லை, சுத்தம் செய்தால் சரி. ஆனால் பல வருடம் அப்படியே ஈரத்தோடு கிடந்தால் ரேடியேட்டர் அரித்து ஓட்டை விழும்.

அப்புறம் கம்ப்யூட்டர் ரிப்போர்ட். போர்ஷே என்ஜின் கம்ப்யூட்டரில், என்ஜின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) எல்லை தாண்டிய தருணங்கள் ஆறு படிகளாகப் பதிவாகியிருக்கும். முதல் ஓரிரு படிகளில் எண் இருந்தால் கவலையில்லை. ஆசையாக ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேல்படிகளில், அதுவும் என்ஜின் ஓடிய சமீபத்திய மணிநேரங்களில் இருந்தால், யாரோ மேனுவல் வண்டியில் தவறான கியருக்கு இறக்கி என்ஜினை வதைத்திருக்கிறார்கள் என்று பொருள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போன வண்டி என்றால் சிலர் ஓடுவார்கள். என்னைக் கேட்டால், டிராக்குக்குப் போகிறவர் ஆயிலையும் பிரேக்கையும் காலத்தில் மாற்றுகிறவர். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் எனக்கு அது கூடுதல் மதிப்பெண்தான்.

அந்த ரிப்போர்ட்டில் இன்னொரு பொக்கிஷம், என்ஜின் மொத்தம் ஓடிய மணிநேரம். மீட்டர் கிலோமீட்டரை அதால் வகுத்தால் சராசரி வேகம் வரும். எனக்கு வந்த கணக்கு மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓடிய வண்டிக்கு நியாயமான எண். பத்து, பன்னிரண்டு என்று வந்திருந்தால் மீட்டரைத் திருப்பிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டிருப்பேன். மீட்டர் 58,000 காட்டியது. நண்பர்கள் "இவ்வளவு ஓடியிருக்கே" என்றார்கள். வருடா வருடம் ஆயில் மாற்றிய பில் அத்தனையும் கோப்பில் இருந்தது.

ஓட்டிப் பார்க்க எல்லோரும் ஞாயிறு காலை ஈசிஆருக்கு அழைப்பார்கள். அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நான் மாலை ஆறரைக்கு வேளச்சேரி மெயின் ரோடு கேட்டேன். ஏசி முழுதாக, ஊர்ந்து ஊர்ந்து முக்கால் மணி நேரம். வெப்பமுள் அசையவில்லை, கியர்பாக்ஸ் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உதறவில்லை. போவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன், குளிர்ந்த என்ஜினின் முதல் சத்தத்தைக் கேட்பதற்காக.

இனி ஆவணம். நல்ல வண்டிகள் நிறைய பிஒய் (புதுச்சேரி), கேஏ (கர்நாடகா) பதிவில் வரும். விலை குறைவாகத் தெரியும். தமிழ்நாட்டுக்கு மாற்றத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு அது 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து சதவீதம் குறைகிறது, ஆனால் கணக்கு நீங்கள் பேரம் பேசிய விலையில் தொடங்குவதில்லை. பேரத்துக்கு முன்பே ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் டிஎன் பதிவு மட்டும் என்று வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

என் வண்டி ஒரு கம்பெனி பெயரில் இருந்தது. அப்படியானால் விற்பதற்கான இயக்குநர் குழுத் தீர்மானமும், கையெழுத்திடுபவருக்கான அதிகாரக் கடிதமும் வேண்டும். பழைய கடன் முடிந்தும் ஆர்சியில் வங்கியின் பெயர் நீங்காமல் கிடந்தது. கடன் பதிவை நீக்கும் படிவம் 35, வங்கிச் சான்று இரண்டும் வந்து, அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பெயர் நீங்கிய பிறகே மீதிப் பணம் கொடுத்தேன். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து, பாக்கி இ-சலான்கள் அடைப்பு எல்லாம் அதே நாளில்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நாம்தான் கட்ட வேண்டும். அதையும் விலைப் பேச்சிலேயே சேர்த்துக்கொண்டேன். பாதியை அவர் ஏற்றுக்கொண்டார்.